தீபாவளிக்கு மட்டும் குடுத்தாப் போதுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க வாங்க, பேசலாம்

நெல்லிக்கனி | தருமபுரி

எங்க தெருவுல தீபாவளி வசூல் ஆரம்பிச்சாச்சு. வருஷா வருஷம் நடக்கறதுதான். ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு, ஆளுக்கொரு துணி, ஒரு டப்பா இனிப்பு. இந்தத் தடவை வசூல் நோட்டு என் கைக்கு வந்ததால, முன்னாடியே சொல்லி வைக்கலாம்னு அந்த இல்லத்துக்குப் போன் பண்ணேன். அங்க இருக்கற அம்மா கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னாங்க: "தீபாவளி அன்னைக்கு மூணு வேளைக்கும் ஆள் சொல்லிட்டாங்கம்மா. முந்தின நாளுக்கும் ஆள் இருக்கு. நீங்க ஜூன் மாசம் வர முடியுமா?"

அவங்க கேட்டது நியாயம்னு எனக்குப் படுது. தெருவுல சொன்னா பாதிப் பேர் "ஜூன்ல வசூல்னு போனா யாரு தருவா, தீபாவளின்னாதான் கை நீளும்"ங்கறாங்க. அதுவும் பொய் இல்ல. பண்டிகைக்குக் குடுக்கறதை நிறுத்தணும்னு நான் சொல்லல. ஒரே நாள்ல கொட்டறதை வருஷம் பூரா எப்படிப் பிரிக்கறது? நம்ம ஊர்ப்பக்கம் யாருக்கு, எந்த மாசம், என்ன தேவைப்படுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விடுதிச் சமையல் | காரிமங்கலம்

நான் ஒரு இல்லத்துச் சமையல்கட்டுலதான் வேலை பாக்கறேன். நீங்க போன் பண்ண இடம் இல்ல, ஆனா அந்த அம்மா சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

தீபாவளி வாரம் எங்க ஸ்டோர் ரூம்ல கால் வைக்க இடம் இருக்காது. லட்டு, மைசூர்பாகு, மிக்சர் எல்லாம் டப்பா டப்பாவா அடுக்கி இருக்கும். பிள்ளைங்க முதல் நாள் ஆசையாச் சாப்பிடும், ரெண்டாம் நாள் தட்டுல மீதி வைக்கும், அப்புறம் தொடவே தொடாது. பால் சேர்த்த இனிப்பெல்லாம் நாங்களே எடுத்துக் கொட்டணும். குடுத்தவங்க மனசு எவ்வளவு நல்ல மனசுன்னு தெரியும், அதனாலயே கொட்டறப்ப கை வராது.

சாப்பாட்டு விஷயத்துல இன்னொண்ணு. காலையில 8 மணிக்கு அண்டாவுல ஆக்கின பிரியாணி மத்தியானம் 2 மணிக்கு வேன்ல வந்து இறங்கும். மூடி திறந்தாலே வாசனை மாறி இருக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு அதைப் போட முடியுமா? சூடா இருக்கணும், இல்ல ஆக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள இலைக்கு வரணும். அதுக்கு வழி இல்லாதப்ப நாங்க அரிசி பருப்பாவே குடுங்கன்னு கேக்கறோம். சிலர் கோவிச்சுக்கறாங்க. "எங்க கையால பரிமாறணும்னு வந்தோமே"ங்கறாங்க. வாங்க, காய் நறுக்குங்க, நாங்க ஆக்கறோம், நீங்க பரிமாறுங்க. அப்படி வந்த குடும்பங்க திரும்பத் திரும்ப வர்றாங்க.

எங்களுக்கு நிஜமா என்ன தட்டுப்பாடுன்னு கேட்டீங்கன்னா: துவரம் பருப்பு, கடலை எண்ணெய், கேஸ் சிலிண்டர், குளிக்கற சோப்பு, வளர்ந்த பொண்ணுங்களுக்கு நாப்கின். யாரும் பிறந்தநாளுக்கு நாப்கின் வாங்கிட்டு வர மாட்டாங்க. மாசா மாசம் தீர்ந்து போறது அதுதான்.

நெல்லிக்கனி | தருமபுரி

அக்கா, இது போதும் எனக்கு. இதை அப்படியே தெரு வாட்சப் குரூப்புல போட்டுக்கறேன், அனுமதி உண்டுதானே?

விடுதிச் சமையல் | காரிமங்கலம்

போடும்மா. இல்லம் எதுன்னு மட்டும் வேண்டாம்.

ஓசூர் ஷிப்ட் | ஓசூர்

நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் கம்பெனியில தொழிலாளி. போனஸ் வர்றது தீபாவளியை ஒட்டித்தான். சட்டப்படி குறைஞ்சது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம்னு ஏதோ ஒரு தொகை மொத்தமா அந்த நேரத்துலதான் என் கையில நிக்குது. மத்த மாசமெல்லாம் வாடகை, பைக் தவணை, பையன் ஸ்கூல் பீஸ்னு 10ஆம் தேதிக்குள்ள தீர்ந்துடும். ஜூன்ல என்கிட்ட கேட்டா என் பையன் பீஸே கடன்ல இருக்கும். என்னை மாதிரி ஆளுங்க பண்டிகைக்குக் குடுக்கறதுக்குக் காரணம் அன்னைக்கு மனசு இளகுதுங்கறது மட்டும் இல்ல. அன்னைக்குத்தான் காசு இருக்கு.

அப்புறம், ஒரு பிள்ளைக்குத் தீபாவளி அன்னைக்குப் புதுத்துணி வேணும். ஜூன்ல ரெண்டு துணி எடுத்துக் குடுத்தாலும் அந்தக் காலையில பக்கத்து வீட்டுப் பிள்ளை புதுசு போட்டுட்டு வெடி வெடிக்கறதைப் பாத்துட்டு நிக்கற மனசு ஆறுமா? அந்த நாளுக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு. அதைக் குறைச்சுப் பேச வேண்டாம்.

காவேரிப்பட்டணம் பாய்

ஓசூர் தம்பி ரெண்டாவது சொன்னதுக்கு நான் கை தூக்கறேன். எங்ககிட்டயும் அதுக்குத்தான் ஃபித்ராங்கற பெருநாள் தர்மம் இருக்கு. பெருநாள் தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடியே ஏழைங்க கைக்கு அது போய்ச் சேர்ந்துடணும். தொழுதுட்டு வந்து சாவகாசமாக் குடுக்கறது கணக்குல சேராது. அன்னைக்குக் காலையில எந்த வீட்டு அடுப்பும் அணைஞ்சு கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஜகாத் வேற கணக்கு. தேவைக்குப் போக மிஞ்சின சொத்து குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஒரு சந்திர வருஷம் கையில இருந்தா 2.5 சதவீதம். அதுக்கு ரமலான்தான்னு கட்டாயம் கிடையாது, அவங்கவங்க வருஷம் முடியற தேதிதான். ஆனா நன்மை அதிகம்னு எல்லாரும் ரமலான்லயே எடுக்கறாங்க. எங்க மொஹல்லாவுல கணவரை இழந்த சில பெண்கள் இருக்காங்க. ரமலான்ல அவங்க வீட்டு வாசல்ல அரிசி மூட்டை அடுக்கி இருக்கும், நாலு மாசம் கழிச்சு மருந்து வாங்கக் காசு இருக்காது. இதை எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டோம். வருஷம் முடியறதுக்கு முன்னாடியே ஜகாத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துட்டு வரலாம், கடைசியில கணக்குப் பாத்து மீதியைச் சேர்த்துடலாம்னு சொன்னார். இப்ப சில குடும்பங்க அப்படித்தான் செய்யறோம்.

சூளகிரி அக்கா

எல்லாரும் இல்லம், ஆசிரமம்னு பேசறீங்க. நான் வீட்டு வாசலுக்குள்ள இருந்து பேசறேன்.

எங்கம்மா வீட்டு வேலைக்குப் போறவங்க. தீபாவளிக்கு ஒரு வீட்டுல பழைய சேலை நாலு குடுத்தாங்க. நல்ல சேலைங்கதான். அதே வீட்டுல, அம்மாவுக்கு டெங்கு வந்து படுத்திருந்த நாளுக்கெல்லாம் சம்பளம் பிடிச்சாங்க. எங்கம்மா ஒரு வார்த்தை பேசல. எனக்குத்தான் வயிறு எரிஞ்சது. அந்த வீட்டுலயும் தர்மம் பண்றாங்க, கோயிலுக்கு அன்னதானத்துக்கு எழுதறாங்க, எனக்குத் தெரியும்.

ஊருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கறவங்க, உங்க தோட்டத்துல களை எடுக்கறவங்க, உங்க கடையில மூட்டை தூக்கறவங்க, இவங்களைப் பாருங்க. தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம் முழுசாக் குடுங்க. உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடிக்காதீங்க. ஜூன்ல பிள்ளை பீஸுக்கு அட்வான்ஸ் கேட்டா முகம் சுளிக்காமக் குடுங்க, வட்டி போடாதீங்க. கேக்கறவங்களுக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரும். அதை விடப் பெரிய தானம் எனக்குத் தெரியல.

மொரப்பூர் ஸ்டேஷன்

அக்கா சொல்றது உழைக்கறவங்களுக்குச் சரி. ஆனா ரோட்ல கை நீட்டறவனுக்குக் குடுத்தா நேரா டாஸ்மாக்தான். நான் காசாக் குடுக்கறதை விட்டுட்டேன்.

சூளகிரி அக்கா

காசு வேண்டாம்னா இட்லி வாங்கிக் குடுங்க அண்ணா. பஸ் ஸ்டாண்ட்ல படுத்திருக்கற கிழவி டாஸ்மாக் போறதில்ல. ஒருத்தர் குடிச்சதுக்காக மத்தவங்க தட்டை எடுத்துடாதீங்க.

அரூர் வாத்தியார்

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகை என்றாலே ஒருநாள் கொடை என்று நாம் நினைக்கிறோம். நம் பெரியவர்கள் வருடத்தையே வேறு மாதிரி பங்கு போட்டிருந்தார்கள். ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரி நிலம் அதிகமுள்ள நம் பக்கத்தில் விதைத்துவிட்டு வானம் பார்க்கிற மாதம் அது. வீட்டில் பழைய ராகி அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அந்த மாதத்தில்தான் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறோம். வசதியுள்ள வீட்டு ராகியும் கூலிக்காரர் வீட்டு ராகியும் ஒரே அண்டாவில் கொதிக்கும், யார் வேண்டுமானாலும் சொம்பு நீட்டலாம். புரட்டாசி சனிக்கிழமை நாமம் போட்ட சொம்போடு பிள்ளைகள் "கோவிந்தா" என்று தெருவில் வருவார்கள். போடுகிற அரிசி பெருமாளுக்குப் பொங்கலாகி எல்லோர் கைக்கும் வரும். சித்திரை, வைகாசியில் தண்ணீர்ப்பந்தல். தை அறுவடையில் களத்துமேட்டிலேயே தொழிலாளிக்குப் படியளந்துவிட்டுத்தான் மூட்டை வீட்டுக்குப் போகும். ஒவ்வொன்றும் தட்டுப்பாட்டையோ விளைச்சலையோ பார்த்து வைத்த கொடைதான். தீபாவளி நம் பக்கத்துக் கிராமங்களில் இவ்வளவு பெரிதாக ஆனதே பிற்காலத்தில் என்று என் தாத்தா சொல்வார்.

வீடுகளில் பிடி அரிசிப் பானை என்று ஒன்று இருந்தது. உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். ஒரு பிடி 50 கிராம் என்று வையுங்கள். மாதம் ஒன்றரைக் கிலோ. ஒரு தெருவில் 20 வீடு சேர்ந்தால் மாதம் 30 கிலோ அரிசி. எந்த வீட்டுக்கும் பாரமில்லை, வசூல் நோட்டும் வேண்டாம். ஓசூர் தம்பியின் சிக்கலுக்கு இதில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாம் தகடூர் என்ற பழைய பெயருடைய இந்தத் தருமபுரி மண்ணுக்காரர்கள். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதே ஔவை அவனைப் பாடிய புறநானூற்று 101ஆம் பாட்டு. ஒருநாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, பல நாள், பலரையும் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் நாள் போனபோது காட்டிய அதே விருப்பத்தோடு இருப்பான் என்கிறாள். கனியை ஒருமுறை கொடுத்துவிடலாம். பத்தாவது தடவை வாசலில் வந்து நிற்பவரிடம் முகம் மாறாமல் இருப்பதற்குத்தான் வள்ளல் வேண்டும்.

ஓசூர் ஷிப்ட் | ஓசூர்

ஐயா, பிடி அரிசி எங்க ஆயா வீட்டுல பாத்திருக்கேன். மண் அடுப்புக்குப் பக்கத்துல சின்ன கலயம். மறந்தே போச்சு. ஆனா இப்ப நாங்க ரேஷன் அரிசி கொஞ்சம், கடை அரிசி கொஞ்சம்னு ஓட்டறோம். வீட்டுல சொல்லிப் பாக்கறேன்.

நெல்லிக்கனி | தருமபுரி

ஓசூர் அண்ணா, உங்க போனஸ் விஷயத்துக்கு எனக்கு ஒண்ணு தோணுது. காசைத் தீபாவளிக்கே குடுங்க, ஆனா செலவு மட்டும் மெதுவா நடக்கட்டும். இல்லத்துக்குப் பக்கத்துல அவங்க வாடிக்கையா வாங்கற மளிகைக் கடையில தொகையைக் கட்டி, இல்லத்து பேர்ல எழுதி வெச்சுடுங்க. பருப்பு, எண்ணெய்னு மாசா மாசம் அவங்க எடுத்துக்கட்டும். கடைக்காரர் நோட்டும் இல்லத்து நோட்டும் ஒத்துப்போனா போதும். விடுதி அக்கா, இது நடக்குமா?

விடுதிச் சமையல் | காரிமங்கலம்

நடக்கும். எங்களுக்கு ஏற்கெனவே ஒருத்தர் பால்காரர்கிட்ட அப்படிக் கட்டி வெச்சிருக்கார். அவர் யாருன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாது. பால் மட்டும் நிக்கறதில்ல.

பாலக்கோடு விவசாயி

தக்காளி போடறவன் நான். விலை ஏறினா நீங்க திட்டுவீங்க, இறங்கினா நாங்க ரோட்ல கொட்டறதை டிவியில பாப்பீங்க. பறிக்கற கூலி, வண்டி வாடகை, கமிஷன் மூணும் சேர்ந்தா ஒரு பெட்டி (கிரேட்) தக்காளி விலையைத் தாண்டிடும். அப்ப செடியிலயே விட்டுடுவோம்.

மண்டியில நாலஞ்சு பேர் பேசி வெச்சு ஒண்ணு செய்யறோம். விலை விழுந்த வாரம், விக்காம நிக்கற பெட்டியைக் கொட்டறதுக்கு முன்னாடி மாணவர் விடுதிக்கும் முதியோர் இல்லத்துக்கும் போன் அடிப்போம். ஆட்டோ வெச்சு அவங்களே வந்து எடுத்துக்கணும், எங்களால கொண்டு போய்க் குடுக்க முடியாது. ஒரு இடத்துல சமையல்காரம்மா கெட்டிக்காரி. கல் உப்பும் புளியும் போட்டு, பெரிய வாணலியில எண்ணெய் பிரியற வரைக்கும் சுண்ட வெச்சு, தொக்கா மாத்தி ஜாடியில அடைச்சுட்டாங்க. கிலோ நூறு ரூபா வித்தப்பக்கூட அந்தப் பிள்ளைங்க தக்காளித் தொக்கு தொட்டுத்தான் களி சாப்பிட்டுச்சு. இது எனக்குச் செலவே இல்ல. ஆனா யாராவது ஆட்டோ வாடகையை ஏத்துக்கிட்டா இன்னும் நிறைய இடத்துக்குப் போகும். பண்டிகைக் காசுல கொஞ்சம் அதுக்கு ஒதுக்கினா என்ன?

பென்னாகரத்தான் | இப்ப பெங்களூரு

ஆட்டோ வாடகை நான் தரேன் அண்ணா. தனிச்செய்தி அனுப்பறேன்.

ஒரு விஷயம் மட்டும். குடுக்கறப்ப போட்டோ எடுக்கறதை நிறுத்துவோமா? ஒரு போர்வைக்கு பத்து பேர் கை வெச்சு நிக்கறது, அந்தப் பாட்டி குனிஞ்சு நிக்கறது. இல்லத்துக் குழந்தைங்க முகத்தைப் போடறது சட்டப்படியும் தப்பு. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் அந்தக் குழந்தைங்க அடையாளம் தெரியற மாதிரி படத்தையோ பேரையோ வெளியிடக் கூடாதுன்னு சொல்லுது. நாளைக்கு அந்தப் பையன் வேலைக்குப் போற இடத்துல யாராவது அந்தப் படத்தைக் காட்டினா அவனுக்கு எப்படி இருக்கும்?

மொரப்பூர் ஸ்டேஷன்

கணக்குக் காட்டணுமே தம்பி. வசூல் பண்ணவங்க போட்டோ கேப்பாங்க.

பென்னாகரத்தான் | இப்ப பெங்களூரு

பில்லை போட்டோ எடுங்க அண்ணா. மூட்டையை எடுங்க. வாங்கறவங்க முகம் வேண்டாம்.

ஆய்வக அக்கா | தருமபுரி

காசு இல்லாதவங்களுக்கும் ஒரு வழி சொல்றேன். நான் ரத்தப் பரிசோதனை வேலையில இருக்கேன். எங்க பக்கம் ரத்தம் எப்பவும் தேவை. பிரசவம் இருக்கு, அப்புறம் அடிக்கடி விபத்து நடக்கற தொப்பூர் கணவாய் இருக்கு, அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல.

முகாம் எல்லாம் தலைவர்கள் பிறந்தநாள், ஆகஸ்ட் 15ன்னு ஒரே சமயத்துல குவியும். சிவப்பணுவை 35 முதல் 42 நாள் வரைக்கும்தான் வெச்சிருக்க முடியும். தட்டணு (பிளேட்லெட்) 5 நாள். ஒரே நாள்ல நூறு பேர் குடுத்துட்டு மூணு மாசம் யாரும் வரலைன்னா என்ன பிரயோஜனம்? காலேஜ் லீவு விடற ஏப்ரல், மே, அப்புறம் எல்லாரும் ஊருக்குப் போற பண்டிகை வாரம், அப்பத்தான் நாங்க போன்லயே உக்காந்திருப்போம்.

18 வயசுல இருந்து 65 வரை, எடை 45 கிலோவுக்கு மேல, ஹீமோகுளோபின் 12.5 இருந்தா குடுக்கலாம். ஆண்கள் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாசத்துக்கு ஒரு தடவை. உங்க தெருவுல பத்து பேர் இருந்தா பத்து பேரும் ஒரே நாள்ல வராதீங்க. மாசத்துக்கு மூணு பேர்னு முறை போட்டுட்டு வாங்க. நம்ம பொண்ணுங்க நிறைய பேருக்கு ரத்தசோகையால குடுக்க முடியறதில்ல, அதனால ஆண்கள் இதைக் கொஞ்சம் பொறுப்பா எடுத்துக்கணும்.

தளி மேடு

போர்வை குடுக்கறவங்க ஜனவரி ஒண்ணாம் தேதி குடுக்காதீங்க, தயவுசெஞ்சு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர் கார்த்திகையிலயே ஏறிடும். நவம்பர்ல குடுத்தா முழுக் குளிருக்கும் உதவும்.

அரூர் வாத்தியார்

ஜூன் மாதத்தைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை, அதனால் மறுபடி வருகிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, பை என்று வாங்கிக் குவிப்பார்கள். பாடநூல், நோட்டு, பை, காலணி அரசே தருகிறது. சத்துணவு சாப்பிடுகிற 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் சீருடையும் உண்டு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் 5ஆம் வகுப்பு வரை காலைச் சாப்பாடும் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குத்தான் சீருடைத் துணியும் தையல் கூலியும் சொந்தச் செலவாகிறது. கரும்பலகை தெரியாமல் முன் பெஞ்சுக்கு வந்து உட்காருகிற பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும். பன்னிரண்டு முடித்துக் கல்லூரியில் சேருகிறவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அரசு உதவி வருகிறது, ஆனால் சேருகிற வாரத்தில் விடுதி முன்பணம், சான்றிதழ்ச் செலவு, பெட்டி, பாய், தலையணை என்று மொத்தமாக வந்து விழும். அந்த வாரத்தில் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படித்தவர்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு நின்றுபோன படிப்புகள் அவை. தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எந்தப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

காவேரிப்பட்டணம் பாய்

ஐயா, இதோட எங்க பக்கத்துக் கஷ்டம் ஒண்ணையும் சேர்த்துக்கங்க. மாங்கூழ் ஃபேக்டரியில பெண்கள் நிறைய பேர் தினக்கூலிக்குப் போறாங்க. மாங்காய் வர்ற வரைக்கும்தான் வேலை. சீசன் முடிஞ்சு ஆடி, ஆவணியில கை வெறும் கையாத்தான் இருக்கும். பிள்ளைங்க காலேஜ் பணம் கட்டறதும் கிட்டத்தட்ட அந்த நேரம்தான்.

நெல்லிக்கனி | தருமபுரி

தெருவுல பேசிட்டேன். எல்லாரும் ஒத்துக்கலை, ஆனா பாதி வசூல் தீபாவளித் துணிக்கு, மீதி மளிகைக் கடைக் கணக்குக்குன்னு முடிவாச்சு. சாப்பாடு இந்த வருஷம் கிடையாது. ரெண்டு வீட்டுக்காரங்க வருத்தத்துல பேர் எடுத்துட்டாங்க. பரவாயில்ல, அவங்ககிட்ட திரும்பப் பேசுவேன். பிடி அரிசிக்கு எட்டு வீடு சரின்னு சொல்லி இருக்கு. ஆய்வக அக்கா சொன்ன மாதிரி ரத்தத்துக்கு முறை போட்டுட்டு இருக்கோம், ஏப்ரல், மேக்கு மட்டும் இன்னும் ரெண்டு பேர் வேணும்.

ஓசூர் ஷிப்ட் | ஓசூர்

மே மாசத்துக்கு என் பேரை எழுதிக்கங்க. ஞாயித்துக்கிழமை வந்து குடுத்துடறேன். ஓ பாசிட்டிவ். போனஸ் வந்ததும் அந்த மளிகைக் கடைக்கு நானும் ஒரு தொகை அனுப்பறேன்.

விடுதிச் சமையல் | காரிமங்கலம்

எங்க இல்லத்துக்கும் யாராவது வர்றதா இருந்தா, ஜூலை காலியா இருக்கு. அந்த மாசம் மூணு பொண்ணுங்க காலேஜுக்குப் போறாங்க, பெட்டியும் படுக்கையும் வேணும்.

காவேரிப்பட்டணம் பாய்

ஜூலை எனக்கு விடுங்கம்மா. பெட்டி எந்த அளவுன்னு மட்டும் தனிச்செய்தியில சொல்லுங்க, கடை நம்ம மச்சானுதுதான்.